காருக்கும் நாடி பார்க்கலாம்!

விலை குறைந்த சோதனைக் கருவியை எப்படிப் பார்த்து வாங்குவது?

கார் ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று மீட்டர் பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. அதில் என்ஜின் படம் போட்டிருக்கிறது.

கார் நிற்கவில்லை. சத்தமும் இல்லை. ஆனால் விளக்கு மட்டும் அணைய மறுக்கிறது.

என்ன கோளாறு? எவ்வளவு செலவாகும்? காரை ஓட்டலாமா, கூடாதா?

கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய கவலை. மாதச் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கிய கார் என்றால் கவலை இரண்டு மடங்கு!

இந்தக் கேள்விகளுக்குப் பதில் காருக்குள்ளேயே இருக்கிறது. அதைப் படிக்க ஒரு சிறு கருவி போதும். சில நூறு ரூபாயிலிருந்து அது கிடைக்கிறது. ஆனால் சரியானதைப் பார்த்து வாங்க வேண்டும். வாங்கிய பிறகு சரியாகப் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பணமும் வீண்.

அண்ணாச்சி பட்ட பாடு

திருநெல்வேலியில் எனக்குத் தெரிந்த பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். தெருவில் எல்லோரும் அவரை "அண்ணாச்சி" என்றே அழைப்பார்கள்.

அவர் ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கினார். 2016-ம் ஆண்டு தயாரானது. வாங்கிய இரண்டாவது மாதமே மஞ்சள் விளக்கு எரிந்தது.

ஒரு பெரிய பட்டறைக்குக் கொண்டுபோனார். "சென்சார் போய்விட்டது" என்றார்கள். புதிது மாட்டினார்கள். 7 ஆயிரம் ரூபாய் ஆயிற்று. விளக்கும் அணைந்தது.

ஒன்பதாம் நாள் விளக்கு மறுபடியும் எரிந்தது!

திரும்பவும் அதே பட்டறைக்குப் போனார். "இன்னொரு சென்சாரும் போயிருக்கிறது. 6 ஆயிரம் ஆகும்" என்றார்கள். அண்ணாச்சிக்குத் தலை சுற்றியது. "நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வரும் வழியில் சாலையோரம் ஒரு சிறிய பட்டறை. அங்கே 25 வயது வாலிபர் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். அவரிடம் காரைக் காட்டினார்.

அந்த வாலிபர் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியை எடுத்து வந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினார். செல்போனைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, 0171 என்று காட்டுது. என்ஜினுக்குள்ளே காத்து கூடுதலாகப் போகுது. பெட்ரோல் அதுக்குத் தக்கபடி இல்லை. புது சென்சார் நல்லாத்தான் இருக்கு."

"அப்போ என்னதான் கோளாறு, தம்பி?"

வாலிபர் என்ஜின் மூடியைத் திறந்தார். ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் வளைத்துப் பார்த்தார். ஒரு குழாயில் வெடிப்பு இருந்தது. அந்த வழியாகத்தான் வெளிக்காற்று புகுந்திருக்கிறது!

குழாய் மாற்ற 250 ரூபாய். அதன் பிறகு விளக்கு எரியவில்லை.

"இந்தப் பெட்டி என்ன விலை, தம்பி?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"எழுநூறு ரூபாய், அண்ணாச்சி."

முதல் பட்டறைக்காரர் ஏமாற்றினாரா? அப்படிச் சொல்ல முடியாது. ஒருவேளை அவரும் எண்ணைப் பார்த்திருக்கலாம். ஆனால் எண்ணைப் பார்த்தவுடன் பொருளை மாற்றிவிட்டார். காரணத்தைத் தேடவில்லை. இதுதான் குறை. அந்தக் குறைக்கு அண்ணாச்சி 7 ஆயிரம் ரூபாய் கொடுத்தார்.

16 துளை எப்படி வந்தது?

அந்தப் பெட்டியைச் சொருகிய இடத்தை நீங்களும் உங்கள் காரில் பார்க்கலாம். ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே, பலகைக்கு அடியில் இருக்கும். எட்டு எட்டாக இரண்டு வரிசை. மொத்தம் 16 துளைகள்.

இது வந்த கதை சுவையானது.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் என்ற நகரம் உண்டு. அங்கே 1940-களில் கண்ணை எரிக்கும் புகைமூட்டம் கிளம்பியது. காரணம் தெரியாமல் மக்கள் தவித்தார்கள். கார்கள் விடும் புகையும் வெயிலும் சேர்ந்துதான் அந்த மூட்டத்தை உண்டாக்குகின்றன என்று ஆரி ஹாகென்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி 1950-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார்.

அதன் பிறகு சட்டங்கள் வந்தன. கார் புகையைக் குறைக்க வேண்டும் என்றார்கள். குறைக்கும் உறுப்பு கெட்டுப்போனால் காரே சொல்ல வேண்டும் என்றார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் உள்ள கலிபோர்னியா மாநிலத்தில் 1988-ல் இது நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகச் செய்தது. ஒரு காரின் கருவி இன்னொரு காருக்குப் பொருந்தாது.

1996-ல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஒரே முறை கட்டாயம் ஆயிற்று. ஒரே வடிவமான துளை. ஒரே விதமான எண்கள். இந்த முறைக்கு "ஓ.பி.டி. 2" என்று பெயர்.

நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 விதிப்படி வந்த கார்களுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. அந்த விதி 2017 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் வந்தது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தது.

காற்றைக் காப்பாற்ற வந்த சட்டம், கார் வைத்திருப்பவரின் பணத்தையும் காப்பாற்ற உதவுகிறது!

மூன்று வகை

கடையில் கிடைக்கும் கருவிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, செல்போனோடு சேர்ந்து வேலை செய்யும் சிறு பெட்டி. சில நூறு ரூபாயிலிருந்து இரண்டாயிரம், மூவாயிரம் வரை விலை. செல்போனில் அதற்கான செயலியைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வகை, தனித் திரை உள்ள கைக்கருவி. செல்போன் தேவையில்லை. பேட்டரியும் தேவையில்லை. காரிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கிறது. செல்போனில் பழக்கம் இல்லாத பெரியவர்களுக்கு இது வசதி.

மூன்றாம் வகை, பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும் பெரிய கருவி. என்ஜின் மட்டுமல்லாமல் பிரேக், காற்றுப்பை, கியர் எல்லாவற்றையும் படிக்கும். பல ஆயிரம் முதல் லட்சம் வரை விலை போகும்.

ஒரு காரோ, இரண்டு காரோ உள்ள குடும்பத்துக்கு மூன்றாம் வகை தேவையில்லை. முதல் இரண்டில் ஒன்றே போதும்.

வாங்குமுன் ஐந்து கேள்விகள்

ஒன்று: உங்கள் காரை அது படிக்குமா? கார் எந்த ஆண்டு, பெட்ரோலா டீசலா என்று முதலில் பாருங்கள். 2010-க்கு முந்தைய பல கார்களில் இந்தக் கருவி பேசாது. 16 துளை இருந்தாலும் பேசாமல் போகலாம். அதே மாதிரிக் கார் வைத்திருக்கும் ஒருவரின் கருவியை இரவல் வாங்கி, உங்கள் காரில் சொருகிப் பார்ப்பது நல்லது.

இரண்டு: உங்கள் செல்போனோடு சேருமா? சாதாரண புளூடூத் பெட்டி ஆண்ட்ராய்டு போனில் வேலை செய்யும். ஐபோனில் பெரும்பாலும் செய்யாது. ஐபோனுக்கு வைஃபை பெட்டியோ, ஐபோனுக்கும் ஏற்றது என்று குறிப்பிட்ட புளூடூத் பெட்டியோ வாங்க வேண்டும்.

மூன்று: எண்ணை மட்டும் காட்டுகிறதா? மற்றதையும் காட்டுகிறதா? நல்ல கருவி நான்கு விஷயங்களைக் காட்ட வேண்டும். பதிவான கோளாறு எண், பதிவாகக் காத்திருக்கும் எண், கோளாறு வந்த நேரத்தில் கார் இருந்த நிலை, ஓடும்போது உள்ள அளவுகள். விளக்கை அணைப்பதை மட்டும் பெருமையாகச் சொல்லும் கருவி வேண்டாம்.

நான்கு: திருப்பிக் கொடுக்க முடியுமா? முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள். வாங்கிய அன்றே உங்கள் காரில் சொருகிச் சோதியுங்கள்.

ஐந்து: பெயரைப் பார்த்து மயங்குகிறீர்களா? மலிவான பெட்டிகளில் "இ.எல்.எம். 327" என்று எழுதியிருக்கும். இது கனடா நாட்டுக் கம்பெனி ஒன்று செய்த சிப்பின் பெயர். அந்தக் கம்பெனி 2022-ல் மூடப்பட்டுவிட்டது. இன்று அந்தப் பெயரில் விற்பவை பெரும்பாலும் நகல்களே. பல பெட்டிகளில் "பதிப்பு 1.5" என்றிருக்கும். அசல் கம்பெனி அப்படி ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை!

நகல் என்றால் எல்லாமே மோசம் என்று பொருள் அல்ல. அண்ணாச்சியின் காரைப் படித்ததும் அப்படி ஒரு பெட்டிதான். ஆனால் சில நகல்கள் பாதி வேலையைத்தான் செய்யும். சில கார்களோடு பேசவே பேசாது. அதனால்தான் திருப்பிக் கொடுக்கும் வசதி முக்கியம்.

இன்னொரு எச்சரிக்கை. "இதைச் சொருகினால் பெட்ரோல் மிச்சமாகும்" என்று சொல்லி அதே துளைக்குச் சில பெட்டிகள் விற்கிறார்கள். அப்படிப்பட்ட பெட்டி ஒன்றைப் பிரித்துப் பார்த்தவர்கள், உள்ளே விளக்கு மின்னுவதைத் தவிர வேறு வேலை நடக்கவில்லை என்று கண்டார்கள். ஏமாறாதீர்கள்!

எண்ணைப் படிப்பது எப்படி?

கோளாறு எண்ணில் முதலில் ஓர் ஆங்கில எழுத்து வரும். பிறகு நான்கு இலக்கம் வரும். "பி 0301" என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பி" என்றால் என்ஜின், கியர் பகுதி. அடுத்த "0" எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எண் என்று பொருள். "1" என்றிருந்தால் அது அந்தக் கம்பெனியின் சொந்த எண். அடுத்த "3" என்பது நெருப்புப் பொறி, எரியும் வேலை சம்பந்தப்பட்டது. கடைசியில் உள்ள "01" முதல் சிலிண்டர்.

ஆக, முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று கார் சொல்கிறது.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். உடனே ஒரு பொருளை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். எரியாததற்கு ஸ்பார்க் பிளக் காரணமாக இருக்கலாம். காயில் காரணமாக இருக்கலாம். இன்ஜெக்டர் காரணமாக இருக்கலாம். என்ஜினின் உள்ளே தேய்மானமும் இருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? செலவில்லாத ஒரு வழி உண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி காயில் உள்ள காரில், முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதிலும், இரண்டாவதை முதலிலும் மாற்றி மாட்ட வேண்டும். மாட்டுமுன் என்ஜினை அணைத்துவிட வேண்டும். சூடும் ஆறியிருக்க வேண்டும். பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும். எண் 0302 என்று மாறினால் கோளாறு காயிலோடு நகர்ந்துவிட்டது. காயில்தான் குற்றவாளி! மாறாமல் 0301 என்றே இருந்தால் காயில் நல்லது. பிளக்கைப் பாருங்கள்.

0420 என்ற எண்ணும் அடிக்கடி வரும். புகையைச் சுத்தம் செய்யும் உறுப்பு சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். அந்த உறுப்பு விலை அதிகம். ஆனால் புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலும் இதே எண் வரலாம். சென்சார் கெட்டாலும் வரலாம். ஆகவே ஓட்டையைப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

டாக்டர் வெப்பமானியை வைத்துப் பார்க்கிறார். காய்ச்சல் 102 டிகிரி என்று தெரிகிறது. என்ன காய்ச்சல் என்று வெப்பமானி சொல்லுமா? சொல்லாது. கோளாறு எண்ணும் அப்படித்தான். தேட வேண்டிய இடத்தைக் காட்டும். தேடும் வேலை மனிதனுடையது.

விளக்கை அழிக்காதீர்கள்!

எல்லாக் கருவியிலும் "அழி" என்ற வசதி உண்டு. அதை அழுத்தினால் மஞ்சள் விளக்கு அணைந்துவிடும். பார்க்கச் சந்தோஷமாக இருக்கும்.

ஆனால் கோளாறு அப்படியே இருக்கும். எண்ணோடு சேர்ந்து, கோளாறு வந்த நேரத்தின் குறிப்புகளும் அழிந்துவிடும். பிறகு மெக்கானிக் எதை வைத்துத் தேடுவார்?

ஆகவே முதலில் எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி போடுங்கள். கார் ஓடிய கிலோமீட்டரையும் குறியுங்கள். பழுது பார்த்த பிறகே அழியுங்கள்.

மஞ்சள் விளக்கு நின்று எரிந்தால், கார் வழக்கம்போல் ஓடினால், மெதுவாகப் பட்டறைக்கு ஓட்டிப் போகலாம். விட்டுவிட்டு மின்னினால் உடனே ஓரம் கட்டுங்கள். என்ஜினில் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போகிறது என்று அர்த்தம். தொடர்ந்து ஓட்டினால் விலை அதிகமான அந்தச் சுத்தம் செய்யும் உறுப்பு வெந்துபோகும்.

சிவப்பு விளக்கு வேறு விஷயம். ஆயில் விளக்கோ, சூட்டு விளக்கோ சிவப்பாக எரிந்தால் கருவியைத் தேட வேண்டாம். காரை நிறுத்துங்கள்!

பழைய கார் வாங்குவோர் கவனிக்க!

இந்தக் கருவியால் பெரிய லாபம் பழைய கார் வாங்கும்போதுதான்.

விற்பவர் காலையிலேயே கோளாறு எண்ணை அழித்துவிட்டு, மாலையில் காரைக் காட்டலாம். விளக்கு எரியாது. கார் அருமையாகத் தோன்றும்.

ஆனால் கார் பொய் சொல்லாது. தன் உறுப்புகளைத் தானே சோதித்து முடித்ததா என்று கார் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எண்ணை அழித்தால் அந்தக் கணக்கும் அழிந்துவிடும். மறுபடி சோதித்து முடிக்கச் சில நாள் ஓட வேண்டும்.

கருவியில் இந்தப் பகுதியைப் பாருங்கள். பல சோதனைகள் "முடியவில்லை" என்று காட்டினால் விற்பவரிடம் காரணம் கேளுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தாலும் இப்படிக் காட்டும். உண்மைக் காரணமாகவும் இருக்கலாம். "சில நாள் ஓட்டிவிட்டுக் காட்டுங்கள். பிறகு பணம் தருகிறேன்" என்று சொல்லுங்கள். நேர்மையானவர் மறுக்க மாட்டார்.

அண்ணாச்சியின் காரில் விளக்கு இரண்டாவது மாதம்தான் எரிந்தது. ஆனாலும் "வாங்கும்போதே இப்படிப் பார்த்திருக்கலாமே" என்று அவர் இப்போது சொல்கிறார்.

கருவியால் முடியாதவை

பிரேக் கட்டை தேய்ந்ததை மலிவுக் கருவி சொல்லாது. கிளட்ச் தேய்ந்ததைச் சொல்லாது. டயர், ஆயில் ஒழுகல், சக்கரத்தின் ஆட்டம் எதுவும் அதற்குத் தெரியாது. இவற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். காதால் கேட்க வேண்டும்.

பிரேக் வேலையையும் காற்றுப்பை வேலையையும் வீட்டில் செய்யக் கூடாது. குடும்பத்தின் உயிர் அதில் இருக்கிறது. கைதேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் பெட்டியைக் கழற்றி வையுங்கள். பல நாள் சொருகியே வைத்தால் பேட்டரி இறங்கிப்போகலாம். ஓட்டிக்கொண்டே செல்போனில் எண்ணைப் பார்ப்பது ஆபத்து. பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.

இரு தரப்புக்கும் ஒரு வேண்டுகோள்

கார் வைத்திருப்பவர்களே! கருவி வாங்கிவிட்டோம் என்று மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகாதீர்கள். எண்ணைச் சொல்லுங்கள். "எப்படிச் சோதித்தீர்கள்?" என்று அன்பாகக் கேளுங்கள். தேடுவதற்கும் கூலி உண்டு. அதைக் கொடுக்கத் தயங்காதீர்கள். பொருளை மாற்றினால்தான் பணம் என்ற நிலை இருந்தால், பொருளைத்தான் மாற்றுவார்கள்!

மெக்கானிக் தோழர்களே! பில்லில் "சென்சார் மாற்றியது" என்று மட்டும் எழுதாதீர்கள். காரில் என்ன எண் இருந்தது, எப்படிச் சோதித்தோம், ஏன் மாற்றினோம் என்று இரண்டு வரி எழுதுங்கள். கழற்றிய பழைய பொருளையும் கொடுங்கள். அந்த இரண்டு வரிக்காகவே ஊர் உங்களைத் தேடி வரும்.

திருநெல்வேலியில் அந்தச் சாலையோர வாலிபரிடம் இப்போது அண்ணாச்சியின் கார் மட்டும் போகவில்லை. அவர் கடைக்கு வரும் பத்து பேருடைய காரும் போகிறது.

காரின் விளக்கு எதிரி அல்ல. அது வீட்டுக்கு வந்த நல்ல செய்தியாளர். வாயை மூடாமல், சொல்வதைக் கேளுங்கள். கேட்கத் தெரிந்தவருக்கு 250 ரூபாயோடு வேலை முடியும்!